அம்மாவின் வெறுங்கழுத்து

மேலூர் பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, அம்மாவின் கழுத்தையும் காதையும் நன்றாகப் பார்த்துவிட்டு, "அய்யா தவறி எம்புட்டு நாளாச்சுத்தா?" என்று கேட்டார். அந்த அய்யா, என் அப்பா, அப்போது ஜன்னலுக்கு வெளியே நின்று கொய்யாப்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அம்மா விரலை நீட்டி, "அந்தா நிக்கிறாருல்ல, அவருதான்" என்றாள். பெண்மணிக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. அம்மாவுக்கோ மேலூர் போய்ச் சேரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

அம்மா தாலி உட்பட அத்தனை நகையையும் கழற்றி நாலைந்து வருஷம் இருக்கும். நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள், மணியடிக்கிற பழைய கோயிலுக்குப் போகிறவர்கள். அப்பா மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கோயிலில் பண்டிகை ஆராதனைக்குப் பெண்கள் பட்டும் நகையுமாகத்தான் வருவார்கள். ஆண்டவர் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒருத்தி தினமும் அவளுக்காக ஜெபித்தாள். வீடு திரும்பிய பிறகு அவளோடு சேர்ந்து, வாடிப்பட்டி ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட ஒரு சபைக்கு அம்மா போக ஆரம்பித்தாள். அங்கே ஞானஸ்நானம் எடுத்த பெண்கள் பொட்டுத் தங்கம்கூடப் போடுவதில்லை. அம்மாவும் எடுத்தாள். நகை முழுக்க எனக்கென்று பேங்க் லாக்கருக்குப் போய்விட்டது.

பழைய அம்மாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று புரியும். ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தால், யார் கழுத்தில் என்ன புதிதாக ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே எடை போட்டு வைத்திருப்பாள். அன்றைக்கு அப்பாவின் தட்டில் சோறு கோபமாக விழும். "உங்க தம்பி பொண்டாட்டி கையத் தூக்குனா அம்புட்டு வளையலு. நான் வாக்கப்பட்டது வாத்தியாருக்கு" என்பாள். அப்பா விடைத்தாள் திருத்திக்கொண்டே இருப்பார். அந்தப் பொறாமை அவளைத்தான் தின்றது. படுத்தால் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பாள்.

இப்போது படுத்ததும் தூங்கிவிடுகிறாள். காலையில் அரிசி களைந்துகொண்டே சுருதி சேராமல் பாடுகிறாள். வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு, நகையெல்லாம் அடகில் மூழ்கிவிட்டது என்று கோரிப்பாளையத்தில் எங்கள் தெருவே பேசிக்கொள்வது அவளுக்கும் தெரியும். அதற்கும் சிரிப்புதான். அவளை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று அப்பாவிடம் போய் நின்றேன். "அவ நிம்மதியா இருக்கா பாப்பா. நான் வாங்கிக் குடுக்க முடியாத சாமான் அது. விட்ரு" என்றார். வாத்தியாரிடம் நியாயம் கேட்டுப் போனால் இப்படித்தான்.

முப்பது தாண்டி எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு மேலூரில் மருந்துக்கடை. அவர்களும் எங்களைப்போல மணியடிக்கிற கோயில்காரர்கள்தான். இரண்டு வீட்டிலும் பேசிவிட்டு, எங்களையும் போனில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். நாள் முழுக்கக் கத்துகிறேன். ஒருத்தர் காதிலும் ஏறாது. அவர் நான் சொல்வதை முழுசாகக் கேட்பார். மூன்றாம் பீரியடில் நடந்ததை நான் பாதியில் விட்டிருந்தால், மறுநாள் "அப்புறம் அந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சு?" என்று கேட்பார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது என் வாழ்க்கையிலேயே அவர் ஒருவரைத்தான்.

அவரும் அவருடைய அம்மாவும் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். வரதட்சணை பற்றி அந்த அம்மா மூச்சுக்கூட விடவில்லை. கிளம்பும் நேரத்தில்தான், ரொம்பத் தயங்கி, "எங்க சனத்துக்கு வாய் பெருசு. கல்யாணத்தன்னைக்கு ஒருநா மட்டும் நீங்க ஒரு செயினும் தோடும் போட்டுக்கங்க. மத்தபடி உங்க விசுவாசம் உங்களுக்கு" என்றார்.

"எம்மகளுக்கு இருக்கிறது அம்புட்டையும் போட்டு அனுப்புறேம்மா. எனக்கு மட்டும் வேணாம்" என்றாள் அம்மா.

"நாங்க கேட்டது அது இல்லையே" என்றார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை. புருஷனை இழந்து, ஒற்றையாளாகப் பிள்ளையை வளர்த்தவர். வெறுங்கழுத்தோடு கல்யாண வீடுகளில் ஒதுங்கி நின்றவர். மகன் கல்யாணத்திலும் ஒரு வெறுங்கழுத்தைப் பற்றி ஊர் பேசுவதை அவர் பார்க்க விரும்பவில்லை. அவரை வெறுக்கவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

மாப்பிள்ளை அன்று சாயங்காலம் போன் பண்ணினார். "ஒருநா தானங்க. நீங்க சொன்னாக் கேக்க மாட்டாங்களா?" என்றார். உங்கள் அம்மாவிடம் நீங்கள் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "அதுகிட்ட நான் என்னத்தப் பேசுறது" என்றார். எனக்குப் புரிந்தது. நானும் அதே நிலைமையில்தான் இருந்தேன். ஆளுக்கொரு அம்மாவை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போனை வைத்தோம்.

அந்த வாரம் முழுக்க அம்மா பாடவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அம்மா வந்து எதிரே நின்றாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போய் வந்திருக்கிறாள். கையில் அவளுடைய பழைய ரெட்டைவடச் செயின் இருந்தது. "நீ ஒரு வார்த்தை சொல்லு பாப்பா. போட்டுக்கிறேன். ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

போட்டுக்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நான் ஒன்றும் தியாகி இல்லை. அப்போதுதான் அவள் காதைப் பார்த்தேன். தோடு போடாமல் துளை தூர்ந்துபோயிருந்ததால், விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து இரண்டு காதிலும் சொருகியிருந்தாள். வலது காது சிவந்து வீங்கி, ஈர்க்கின் ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. நான் சொல்வதற்கு முன்பே, சொல்லிவிடுவேன் என்று நினைத்து, அவள் தயாராகிவிட்டிருக்கிறாள். ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டதில் கண் சிவந்திருந்தது. பழைய அம்மாவின் முகம் அது. அதை மறுபடியும் அந்த வீட்டில் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"வேணாம்மா. அந்தக் குச்சியப் பிடுங்கிப் போடு" என்றேன்.

மொட்டைமாடிக்குப் போய் அவருக்குப் போன் பண்ணினேன். அம்மாவுக்கு இஷ்டமில்லை, கட்டாயப்படுத்த என்னால் முடியாது என்று சொன்னேன். கடைக்கு யாரோ வந்து இருமல் மருந்து கேட்பது கேட்டது. பிறகு அவர் "சரிங்க" என்றார். இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான், சம்பந்தம் அதோடு முடிந்தது. கீழே இறங்கி வந்து மீதித் தாள்களைத் திருத்தினேன்.

மறுநாள் அம்மா என்னைச் சபைக்குக் கூப்பிட்டாள். மாட்டேன் என்று சண்டை போடக்கூட மனசில் ஒன்றுமில்லை, போனேன். பாட்டு முடிந்ததும், ஆண்டவர் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்லுங்கள் என்றார் போதகர். ஒருத்தர் பேத்திக்குக் காய்ச்சல் விட்டதைச் சொன்னார். அப்புறம் அம்மா எழுந்தாள். வலது காதில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தாள்.

"எம்மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு. நகை போட்டாத்தான்னு சொன்னாக. நான் தடுமாறிட்டேன். கர்த்தரே அந்த வாசலை அடைச்சு என்னையக் காப்பாத்துனாரு. எம்புள்ளைக்கு இதவிட மேலானத வச்சிருக்காரு. ஸ்தோத்திரம்."

கொட்டகை முழுக்க "ஆமென்" என்றது. வாசலை அடைத்தது நான்தான், அதற்கு அந்தப் பக்கம் நின்றவரை எனக்குப் பிடித்திருந்தது என்று அங்கே யாரிடம் சொல்வது? அம்மா உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்து, அவ்வளவு சந்தோஷமாக என் முகத்தையே பார்த்தாள். என் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வர வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

நானும் "ஆமென்" என்றேன்.