சாரின் மீசை

தம்பிக்குக் காது சரியாகக் கேட்காது என்பது எங்கள் வீட்டு ரகசியம். பேசுகிறவர் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்வான். முதலில் சேர்த்த பள்ளியில், "இவனை ஹாஸ்டல் இருக்கிற வேற ஸ்கூல்ல விட்டுருங்க" என்று சொல்லிவிட்டார்கள். இனி எந்தப் பள்ளிக்கும் தெரியக்கூடாது என்று, அன்றே அம்மா அவனுடைய காது மெஷினை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

உறையூரில் புதிதாகச் சேர்ந்த பள்ளியில் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் நடந்தன. அவன் நான்கு, நான் ஐந்து. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, சார் கூப்பிட்டால் தொடையில் தட்டுவது என் வேலை. பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. ஒரு நாளும் நிம்மதியாகப் பார்த்ததில்லை.

சார் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். மேலுதட்டையே மூடிவிட்ட பெரிய மீசை. அதைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை நான்காம் வகுப்புக்கு டிக்டேஷன். சார் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொல்வார். நான் என் நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டுவேன். அன்று என் கணக்கில் மூழ்கி அவனை மறந்துவிட்டேன். பின்னாலிருந்து சார் அவனை மூன்று முறை கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. வகுப்பே சிரித்தது. அவன் நோட்டில் ஒன்று முதல் பத்து வரை எண்கள் மட்டும் இருந்தன.

"சளி சார். காது அடைச்சிருக்கு" என்று நான் எழுந்து சொன்னேன்.

"எவ்வளவு நாளா?"

"நேத்துலேர்ந்து சார்."

சார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, உக்காரும்மா" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாகிவிட்டது.

இரண்டு நாள் விடுமுறையில் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் அழுவாள். சொல்லாவிட்டாலும் சார் சொல்லிவிடுவார். தம்பியின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கி எங்கோ அனுப்புவதாகவே நினைப்பு ஓடியது. அவனோ கவலையில்லாமல் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை சார் மீசை இல்லாமல் வந்தார். சமயபுரத்துக்கு வேண்டுதல் என்றாள் ஒருத்தி. தலைமுடி அப்படியே இருக்கிறதே என்றான் இன்னொருவன். கடைசியில், சார் வீட்டில் யாரோ இறந்துவிட்டதாக எல்லோரும் சேர்ந்து முடிவுகட்டினார்கள்.

எனக்கு மீசையைப் பற்றி யோசிக்க நேரமில்லை. சார் தம்பியை என்னிடமிருந்து பிரித்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தார். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன். மறுபடியும் டிக்டேஷன். இந்த முறை சார் நடக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி தம்பிக்கு நேரே நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகச் சொன்னார்.

பத்துக்கு எட்டு சரி.

வீட்டுக்குப் போகும் வழியில் தம்பி, "அக்கா, சார் வாய் இப்பதான் நல்லாத் தெரியுது" என்றான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்று அவன் கையை இறுக்கிப் பிடித்தேன்.

அந்த வருடம் முழுவதும் சார் மீசை வளர்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசியதும் இல்லை. ரகசியத்தைக் கெட்டிக்காரத்தனமாகக் காப்பாற்றுவதாக எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனாலும் தினமும் காலையில் சாருடைய மழித்த முகத்தைப் பார்க்கும்போது, இன்றைக்கு அவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டேதான் இருந்தேன்.