மூடி கழன்ற பிஸ்கட்

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். முப்பத்தோரு வருஷம் மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் நின்றே வேலை பார்த்த கால் என்னுடையது. உட்கார இடம் கிடைக்கிற அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய சம்பளம். மில்லை விட்ட பிறகு கொஞ்ச நாள் வீட்டில் இருந்து பார்த்தேன், ஒத்து வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காலேஜில் ஆயா வேலைக்கு ஆள் கேட்டார்கள். போய் நின்றேன். வயதைச் சொன்னதும் அங்கே இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மெமோ வாங்காதவள் நான் என்று சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். அன்றையில் இருந்து கூட்டுகிறேன், துடைக்கிறேன், கதவைப் பூட்டித் திறக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளை. பிறந்ததில் இருந்து கண் தெரியாது. அதே காலேஜில் தமிழ் ரெண்டாம் வருஷம் படிக்கிறாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அதனால் என்னைப் பெத்தம்மா என்பாள், பெரியம்மா என்று அர்த்தம். அவள் அம்மா இன்னமும் மில்லில்தான் இருக்கிறாள். மதினி, நீங்க போற பஸ்ஸுதான, இவளையும் கூட்டிட்டுப் போங்க என்று ஒரு நாள் வந்து கேட்டாள். சரி என்றேன். ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. அவள் என் கையைப் பிடிக்க மாட்டாள். முழங்கைக்கு மேலே லேசாகத் தொட்டுக்கொண்டு அரை எட்டு பின்னால் வருவாள். பார்க்கிறவர்களுக்கு நான் அவளைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். ராத்திரி தூக்கம் இல்லாத சில நாளில் அவள்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போவாள். அது எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் தெரியும்.

இன்னொன்று எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு எழுத்து சரியாக வராது. சின்ன வயதில் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்ததுதான். எழுத்து பெரிதாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்துவிடுவேன். இதை எழுதக்கூட ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. சர்ச்சில் வேதப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து நானும் வாசிப்பேன், ஆனால் அம்புட்டும் மனப்பாடம். பஸ்ஸும் அப்படித்தான். எந்த பஸ்ஸுக்கு எந்த இடத்தில் நசுங்கி இருக்கிறது, எந்த டிரைவர் எந்த நேரம் என்று தெரியும். போர்டை செத்த நேரம் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, கண்ணாடி எடுத்து வரலையே என்று சொல்லிவிட்டு, இதுதான்ட்டி ஏறு என்பேன். ஒரு நாளும் தப்பினது இல்லை.

அன்றைக்கு சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம். காலேஜில் ஏதோ விழா நடந்து முடிந்து, ஹால் நாற்காலி எல்லாம் நானும் இன்னொருத்தியும் அடுக்கிவிட்டு வந்திருந்தோம். எனக்கு நல்ல அசதி. வழக்கமாகப் பேசுகிற அவள் பேசவில்லை. என்னட்டி என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

அவர்கள் மேடம் வகுப்பில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு சிரிப்புப் படம் போனில் அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் ஒவ்வொருத்தராக எழுந்து, அந்தப் படத்தைக் காட்டாமல், கேட்கிறவர்களுக்குக் கண்ணில் தெரிகிற மாதிரி மூணு நிமிஷம் பேச வேண்டும். அதற்கு மார்க் உண்டு. இவளிடம் மட்டும் மேடம் தனியாக வந்து, நீ பேச வேண்டாம்மா, உனக்கு நான் பொதுவா ஒரு மார்க் போட்டுர்றேன் என்று சொல்லியிருக்கிறார்கள். பிரியமாகத்தான் சொன்னார்களாம். இவள் கேட்கவில்லை. எனக்கும் ஒரு படம் அனுப்புங்க மேடம் என்று நின்று வாங்கியிருக்கிறாள். வாங்கிய பிறகு, திரையில் இருக்கிறதை வாசித்துச் சொல்கிற அவள் போனைக் கேட்டால் அது படம், படம் என்று மட்டும் சொல்கிறது. கூடப் படிக்கிறவளிடம் காட்டினால் அவள் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். பிஸ்கட்டுடி, இதெல்லாம் பாத்தாத்தான் சிரிப்பு வரும், சொன்னா வராது என்றாளாம். அம்மாவுக்கு இந்த வாரம் ஷிஃப்டு ஒத்து வராது. மிச்சம் இருந்தது நான்தான்.

நாளைக்கு வேற பாடம் படிச்சுக்கோயேன், விட்டுத் தள்ளு என்றேன். அசதியில் சொன்னது.

“பெத்தம்மா, நாளைக்கு உக்காருன்னு சொல்லுவாக. உக்காந்தேன்னு வைங்க, பொறவு எல்லாத்துக்கும் உக்காருன்னுதான் சொல்லுவாக. நான் பி.எட். படிச்சு டீச்சரா நிக்கணும்.”

போனைக் கையில் கொடுத்தாள். கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தேன்.

கருப்பு பிஸ்கட், நடுவில் வெள்ளைக் கிரீம் வைத்தது என்று ஆரம்பித்தேன். பிஸ்கட்டுக்குக் கை கால் போட்டிருக்கான், கண்ணு வாய் எல்லாம் இருக்கு. எத்தனை என்றாள். எண்ணிச் சொன்னேன். அப்புறம் எனக்கு அந்தப் படம் பிடிபட்டுவிட்டது. எங்கள் தெருவில் எந்தச் சாவு வீடானாலும் முதலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறது நான்தான். பார்த்த உடனே தெரியாதா எனக்கு?

எழவு வீடுட்டி இது என்றேன். நடுவில் ஒருத்தனைக் கிடத்தியிருக்கிறது. பாவம், மேல் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த வெள்ளை எல்லாம் சுத்தமாக வழித்து எடுத்தாகிவிட்டது, பெரியாஸ்பத்திரியில் அறுத்துத் தருவார்களே அந்த மாதிரி. சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். ஒருத்தி தலையில் கை வைத்திருக்கிறாள். குண்டாக இருக்கிறவள் நெஞ்சில் அடிக்கிறாள், பெண்டாட்டியாக இருக்கும். ஒரு ஆள் கைக்குட்டையால் மூக்கைச் சிந்துகிறான். கடைசியில் ஒரு மனுசக் குழந்தை நிற்கிறது, எழவுக்கு வந்த பிள்ளை. அதை ஏன் கூட்டி வந்தார்களோ. பால் குடித்த வாயைக்கூடத் துடைக்காமல் கூட்டி வந்திருக்கிறார்கள்.

சொல்லிக்கொண்டு வரும்போதே அவள் தோள் குலுங்குகிறது. எனக்குச் சுருக்கென்றது. என் பேச்சைக் கேட்டு யாரும் சிரித்து எனக்குப் பழக்கம் இல்லை.

“எழவு வீட்ல என்னட்டி சிரிப்பு உனக்கு?”

“அந்தப் பிள்ளை வாயில வெள்ளையா இருக்கா பெத்தம்மா? சுத்தியும் இருக்கா?”

இருக்கு என்றேன். அவ்வளவுதான், பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

பிறகு அவளே கடைக்காரர் குரலை வைத்துப் பெட்டிக்கடைக்குப் போய் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தாள். ஒன்றை எடுத்து ரெண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு. மூடி தனியாக வந்தது. நாக்கால் கிரீமை ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, மொட்டையாக இருந்த ரெண்டு வில்லையையும் என் உள்ளங்கையில் வைத்தாள். எல்லாரும் இப்படித்தான் திம்பாக, நீங்க தின்னதில்லையா என்று கேட்டாள்.

நான் தின்றது இல்லை. மில்லில் டீக்கு விடுகிறது பத்து நிமிஷம். அதில் யார் உட்கார்ந்து மூடியைத் திருகுவார்கள்? முழுசாக டீயில் முக்குவோம், வாயில் போடுவோம், ஓடுவோம். அதில் மூடி ஒன்று தனியாக வரும் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண் தெரிந்த நான் சாவு என்று பார்த்ததை, கண் தெரியாதவள் அந்தக் குழந்தையின் வாயை வைத்துக் கிரீம் திருட்டு என்று கண்டுபிடித்துவிட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டாள், படத்தில் எழுத்து ஏதும் இருக்கா என்று.

இருந்தது. கிடக்கிற பிஸ்கட்டின் வாயில் இருந்து ஒரு வெள்ளை பலூன் மாதிரி கிளம்பி, அதற்குள் எறும்பு ஊர்கிற மாதிரி சின்னச் சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. கூட்டினால் வந்துவிடும். ஆனால் நான் கூட்டுகிறது அவள் காதில் விழும். ஒவ்வொரு எழுத்தாக நான் திக்குவதை அந்தப் பிள்ளை கேட்பாள். அந்த நேரம் பார்த்து பஸ்ஸும் வந்தது.

“இல்ல.”

சொல்லிவிட்டேன்.

 காலையில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். காலையில் பஸ்ஸில் இடமும் கிடைத்தது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். விரலை மடக்கி ஒருத்தி தலையில் கை, ஒருத்தி நெஞ்சில் அடி என்று வரிசை வைத்துக்கொண்டாள். முழு அரை மணி நேரம் எனக்கு இருந்தது. வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது, படம் சின்னதா இருந்துச்சுட்டி, ஏதும் விட்டிருப்பேன் என்று மட்டும் சொன்னேன். பரவால்ல பெத்தம்மா என்றாள்.

அவர்கள் வகுப்புக்கு வெளியே இருக்கிற வராந்தாவை அன்றைக்கு மூணு தடவை கூட்டினேன். ஒவ்வொருத்தராக எழுந்து பேசினார்கள், ஒன்றும் சிரிப்பு வரவில்லை. இவள் முறை வந்தது. மேடம் ஒரு நொடி தயங்கியது எனக்கு வெளியிலேயே தெரிந்தது. இவள் அதற்குள் எழுந்துவிட்டாள். மேசையைத் தடவி முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“நான் சொல்லப்போறது ஒரு எழவு வீடு. யாரும் சிரிக்கக் கூடாது.”

முதல் பேச்சிலேயே வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் சொன்ன அத்தனையும் சொன்னாள். பெரியாஸ்பத்திரி, மூக்குச் சிந்துகிற ஆள், நெஞ்சில் அடிக்கிற பெண்டாட்டி, எல்லாம். ஆனால் செத்தது யார் என்று சொல்லவில்லை. வாய் துடைக்காத பிள்ளை வரைக்கும் கொண்டு வந்து நிறுத்தி, அதற்குப் பிறகுதான் கிடக்கிறவன் ஒரு கிரீம் பிஸ்கட் என்றாள். கொல்லென்று சிரித்தார்கள். முந்தின நாள், சொன்னா சிரிப்பு வராது என்றவள் இருக்கிறாளே, அவள்தான் பெஞ்சைத் தட்டினாள். நான் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

மேடமும் சிரித்தார்கள். பிறகு கேட்டார்கள்.

“நல்லா இருந்துச்சும்மா. ஆனா அந்த பிஸ்கட் சாகலையே. அதுல எழுதியிருக்கே, குளிருது, மூடுங்கப்பான்னு. உனக்கு யாரும் வாசிச்சுக் காட்டலையா?”

  பாவம், அதுக்கு என்ன தெரியும் என்று யாராவது சொல்லிவிட்டால் அவள் கதை அத்தோடு முடிந்தது. சொல்லாமலே உக்காரும்மா என்றாலும் முடிந்தது. உள்ளே போய், வாசிக்கத் தெரியாதவள் நான்தான் என்று சொல்ல வேண்டியவள் வெளியே நிற்கிறேன். கால் எழவில்லை. முழங்கால் வலி என்று பொய் சொல்லப் போவதில்லை, அன்றைக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது.

“எனக்கு வந்த படத்துல எழுத்து இல்ல மேடம்” என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். அதோடு விடாமல், “அப்படிப் பொணம் பேசியிருந்தா, அந்த நாலு பேரும் அங்க நின்னுட்டா இருப்பாக?” என்றாள்.

மறுபடியும் சிரிப்பு. மேடம், போதும் போதும், போய் உக்காரு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எழுத்தை விட்டதற்கு மார்க் குறைப்பேன், யார் விட்டாலும் குறைப்பேன் என்றும் சொன்னார்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற வழியில், அவளே முதலில் சொன்னாள். “மூணு மார்க் குறைச்சிட்டாக பெத்தம்மா. நானும் விட்டேன், மத்தவுக மாதிரி எனக்கும் குறைச்சிட்டாக.” பரிசு வாங்கினவள் மாதிரி இருந்தது அந்தச் சொல். அடுத்த தடவை பேசுகிறவர்கள் பட்டியலில் அவள் பேரும் இருக்கிறதாம். எனக்கு அந்த மூணு மார்க் நான் எடுத்துத் தின்றது மாதிரி இருந்தது. பஸ் வந்தது. போர்டைப் பார்க்காமலே ஏறினேன். இடம் கிடைத்தது.

பஸ் கிளம்பிய பிறகு சொன்னேன். “எழுத்து இருந்துச்சுட்டி.”

“தெரியும்.”

“எப்படி?”

“போர்டு பாக்கும்போது மூச்சைப் பிடிப்பீங்கள்ல, அன்னைக்கும் பிடிச்சீங்க.”

ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கண்ணாடி எடுத்து வரலையே என்று நான் சொன்ன அத்தனை நாளும் சும்மா இருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் அசதியும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் போனை எடுத்து அந்தப் படத்தை வைத்து என் மடியில் போட்டாள். ராஜபாளையம் போக நேரம் கிடக்கு, என்னதான் எழுதியிருக்கு, கூட்டிச் சொல்லுங்க என்றாள். மேடம் வாசித்தது அவள் காதிலும் விழுந்ததுதான், என் காதிலும் விழுந்ததுதான். அதைச் சொன்னேன். அது மேடம் வாசிச்சது என்றாள்.

பஸ் ஆட்டத்தில் எழுத்து நிற்கவில்லை. விரலை வைத்தால் படம் பெரிதாகிறது, எடுத்தால் ஓடுகிறது. கு என்றேன். அப்புறம் ளி. முன் சீட்டில் இருந்த பொம்பளை திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும் என்று விட்டேன். ரு வருவதற்குள் கண் சொருகியது. அவள் எடுத்துக்கொடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். து என்று முடித்தபோது பஸ் ரெண்டு தடவை தூக்கிப் போட்டது. அந்த வேகத்தடையை வைத்துத்தான் நாங்கள் இறங்குகிற இடத்தை அவள் கண்டுபிடிப்பாள்.

“பஞ்சு மார்க்கெட் வந்துருச்சு பெத்தம்மா, எந்திரிங்க.”

இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. அது நீளமான வார்த்தை. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து எழுந்தேன்.