விடுதிக்கு ஓர் ஆள்

சொந்த வீடும், அதில் எனக்கென்று ஒரு கட்டிலும் இருக்கையில், வீடற்றோர் விடுதியில் வீடற்றவனாகப் படுத்து அதிகாரியால் நலம் விசாரிக்கப்பட்டவன் நான். அதுவும் பட்டப்பகலில், மூக்குக் கண்ணாடியோடு.

விருத்தாசலத்தில் அந்த விடுதியைக் கட்டியபோது, முகப்பு வளைவில் எழுத, ஊரில் எழுத்தாளன் என்று என்னிடம் வாசகம் கேட்டார்கள். “வீடில்லார்க்கு இதுவே வீடு” என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஒரு வாரம் யோசித்தேன் என்பது என் மனைவிக்குக்கூடத் தெரியாது. வளைவெங்கும் பளபளவென்று டைல்ஸ். உள்ளே சுவரிலும் டைல்ஸ், தரையிலும் டைல்ஸ். அரசாங்கம் செலவழிக்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. படுக்கத்தான் ஆள் வரவில்லை.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும், படுக்க யாரையாவது பிடித்துத் தரச் சொல்லி விடுதி மேற்பார்வையாளர் என்னிடம் ஓடி வந்தார். ஜங்ஷன் வாசலில் பீங்கான் பொம்மை விற்கும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். சூளையில் மூக்குக் கோணி, கழித்துப் போட்ட பொம்மைகளை வாங்கி விற்பவர். ராத்திரியில் அந்த மூட்டைக்கு ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் புருஷனும் படுப்பார்கள். மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. போய்க் கூப்பிட்டேன்.

“மூட்டைய உள்ள வுடுவாங்களா சார்?”

“விடாம? நான் சொல்றேன், வாங்க.”

வந்தார்கள். காவலாளி மூட்டையைப் பார்த்தார். “டைல்ஸு கீறிக்கும்மா. வெளிய வெச்சிட்டு வா.”

“வெளிய வெச்சா காலைல இருக்குமாய்யா? அதான எங்க பொழப்பு!”

நான் சொன்னேன். காவலாளி காதில் அது விழவே இல்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “அந்த ஆபீசர் வந்தா நீங்க பேசுங்க சார். மூட்டைக்கு ஒரு மூலை குடுத்தாப் போதும், மழைக்கு முன்னாடி வந்துடறோம்.” ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போய் இருவரும் உட்கார்ந்தார்கள்.

வாசலில் ஜீப் சத்தம். மேற்பார்வையாளர் என் கையைப் பிடித்தார். “ஒரு கட்டில்லயாவது ஆள் தெரியணும் சார். அஞ்சே நிமிஷம் படுங்க.”

“என்னைப் பார்த்தா நம்புவாங்களா?”

என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். “தாராளமா நம்புவாங்க சார்.”

படுத்தேன். அதிகாரி நேராக என்னிடமே வந்தார். “இங்க ஏதாவது குறை இருக்குதாங்க? தைரியமா சொல்லுங்க.”

மூட்டை, மூலை, மழை எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. வாயைத் திறந்து நியாயம் பேசினால், அடுத்த கேள்வி நான் யார் என்பதாக இருக்கும்.

“ஒரு கொறையும் இல்லீங்க. வூடு மாதிரியே இருக்குது.”

அதிகாரி பூரித்துப்போனார். வளைவில் இருந்த வாசகத்தையும் பாராட்டினார். எழுதியவன் நான்தான் என்று எழுந்து சொல்ல முடியாமல் கிடந்தது என் இலக்கிய வாழ்வின் பெரிய சோதனை.

ஜீப் போனதும் வெளியே வந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா மூட்டைமேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

“சொல்லலாம்னுதான் பார்த்தேன்...” என்று இழுத்தேன்.

“ஜன்னல்ல பாத்தோம் சார்” என்றார், தாளின் நுனியைச் செருகியபடி. “போவட்டும். அம்மாஞ் செலவு பண்ணிக் கட்டுனதுல உங்களுக்காச்சும் ஒரு எடம் கெடச்சுதே.”