விழச் சொன்ன பயில்வான்

சித்தமங்கலம் கடைத்தெருவில் இராஜாங்கத்தின் காதுபட யாரும் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று இருந்தது. அது சாதிப் பெயரும் இல்லை, கட்சித் தலைவர் பெயரும் இல்லை. ‘பொய்க் குஸ்தி’ என்பதுதான் அது. கொடிக்கம்பம் எந்தக் கட்சிக்கு எத்தனை அடி உயரம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிற ஊர். அந்தச் சண்டைகளில்கூட அவர் வாயைத் திறந்ததில்லை. ஆனால் அன்று காலை டீக்கடைத் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் பயில்வான்கள் மோதிக்கொண்டிருந்தபோது, உரக்கடை நடராசன் காலை ஆட்டிக்கொண்டே, “எல்லாம் பொய்க் குஸ்தி. அடியும் பொய்யி, ரத்தமும் பொய்யி” என்றான். சொல்லி வாய் மூடுவதற்குள் இராஜாங்கத்தின் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் பறந்து வந்து அவன் காதைக் கிழித்துக்கொண்டு சுவரில் உடைந்தது. வலங்கைமான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் மூன்று தையல் போட்டார்கள்.

“இந்த ரத்தம் நெசமா, பொய்யா?” என்று கேட்டுவிட்டு இராஜாங்கம் வீட்டைப் பார்க்க நடந்துவிட்டார். அவருக்கு அப்போது வயது அறுபத்து மூன்று.

குஸ்தியைப் பற்றி அவருக்கு அசைக்க முடியாத அபிப்பிராயங்கள் உண்டு. இந்தக் காலத்துக் குஸ்தியில் பிடி குறைவு, பேச்சு அதிகம் என்பார். ஒருத்தன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் சவால் விடுகிறான், அதற்கு அவன் தேர்தலில் நிற்கலாம் என்பார். மடக்கு நாற்காலியால் முதுகில் அடிப்பது அவருக்கு ஆகாது. உட்காருவதற்கென்று செய்த சாமானால் அடிக்கிறவன் என்ன குஸ்திக்காரன் என்பது அவர் கட்சி. ஏணியில் ஏறிக் குதிக்கிறவனை மட்டும் மன்னித்துவிடுவார். பெண்கள் மோதுவதை ஊர் ஆண்கள் வேறு காரணத்துக்காகப் பார்க்க, அவர் மட்டும், “ஆம்பளைங்களவிட இவங்க நல்லா விழறாங்க” என்று சான்று கொடுத்தார். தூக்கி அடிக்கிறவனை அவர் கவனிப்பதே இல்லை. விழுகிறவனைத்தான் பார்ப்பார். முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் தரையைத் தொடுகிறதா, தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கிறதா, கை பக்கவாட்டில் விரிகிறதா என்று பார்த்து, சரியாக விழுந்தால் கைதட்டுவார். தோற்றவனுக்குக் கைதட்டுகிற ரசிகர் இந்தச் சீமையிலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

இளவயதில் அவர் இதற்கு நேர்மாறு. மகாமகம் நடந்த அறுபத்தெட்டாம் வருஷம் கும்பகோணத்தில் குஸ்திக் கொட்டகை போட்டிருந்தார்கள். அண்ணன் நல்லக்கண்ணுதான் அவரை முதலில் கூட்டிக்கொண்டு போனவர். தம்பிக்கு இருபத்திரண்டு வயது, அண்ணனுக்கு இருபத்தாறு. இருவரும் துரைராசு மிராசுதார் பண்ணையில் வேலை செய்தவர்கள். விளம்பரத் தட்டியில் சிவப்பு அரைக்கால் சட்டையும் இடுப்பில் பச்சைத் துண்டுமாக ஒருவன் நின்றான். ‘நாகூர் மீரா உசேன்’ என்று எழுதியிருந்தது. எதிரே மொட்டைத் தலையோடு ‘கோலாப்பூர் காண்டாமிருகம்’.

காண்டாமிருகம் மீரா உசேனின் தலையைப் பிடித்து இரும்புக் கம்பத்தில் மூன்று தடவை மோதியது. நெற்றி பிளந்து ரத்தம் மூக்கு வழியாக ஒழுகிற்று. கீழே தள்ளி நெஞ்சில் ஏறி மிதித்தது. செத்தான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் மீரா உசேன் எழுந்து, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, காண்டாமிருகத்தின் கழுத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்து முறுக்கினார். அதற்கு மீரா பூட்டு என்று பெயர். அதில் மாட்டினவன் மீண்டதில்லை. கொட்டகை கூரை பிய்யும்படி கத்தியது. இராஜாங்கம் அழுதுவிட்டார். பண்ணையில் சாட்டையடிக்கும் வாயில் ஊற்றிய சாணிப்பாலுக்கும் கைகட்டி நின்ற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அடிவாங்கினவன் எழுந்து திருப்பி அடிப்பதை அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் பைத்தியம்தான். மன்னார்குடி, திருவாரூர் என்று கொட்டகை போன இடமெல்லாம் நடந்தும் லாரியில் தொற்றியும் போனார். அறுபத்தொன்பதில் நாகூர் கந்தூரித் திருவிழாவுக்குக் கொட்டகை போட்டபோது முதல் வரிசையிலேயே இடம் கிடைத்தது. கிடைத்திருக்கவே வேண்டாம். அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்ததால், மீரா உசேன் மணிக்கட்டுத் துணிக்கட்டிலிருந்து பிளேடுத் துண்டை எடுத்துத் தன் நெற்றியைத் தானே கீறிக்கொண்டதை அவர் பார்த்தார். பூட்டைப் போட்ட கையோடு காண்டாமிருகத்தின் காதருகே குனிந்து, “விழு” என்று மெதுவாகச் சொன்னதும் கேட்டது. காண்டாமிருகம் உடனே விழுந்தது.

அப்பா திருப்பி அடித்ததாகக் கனவு கண்டு விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது இராஜாங்கத்துக்கு. பெஞ்சின்மேல் ஏறி நின்று, “பொய்க் குஸ்தி, பொய்க் குஸ்தி” என்று கத்தினார். சோடா பாட்டிலை எடுத்து வீசினார். அது மீரா உசேனின் இடது புருவத்தைப் பிளந்தது. அதற்கப்புறம் கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. கம்பங்களைப் பிடுங்கினார்கள், மேடையை உடைத்தார்கள், தட்டி பற்றி எரிந்தது. காண்டாமிருகத்தை நாலைந்து பேர் போட்டு மிதித்தார்கள், இந்தத் தடவை நிஜமாகவே. மீரா உசேன் புருவத்தைப் பொத்திக்கொண்டு இராஜாங்கத்தின் முகத்தையே பார்த்தபடி நின்றார். அந்தக் குஸ்தி கோஷ்டி அன்றோடு கலைந்தது.

நாலைந்து மாதத்தில் தை வந்தது. ஆட்சி மாறி மூன்று வருஷம் ஆகியும் பண்ணைகளில் ஒன்றும் மாறவில்லை. கிழக்கே கூலி கேட்டவர்களின் குடிசைகள் எரிந்த சேதி வந்தும் ஒரு வருஷம் ஓடிவிட்டது. உள்ளூர் ஆட்கள் கூலியில் ஒரு மரக்கால் நெல் கூடக் கேட்டார்கள். முடியாது, வெளியாட்களை இறக்கி அறுத்துக்கொள்கிறேன் என்றார் துரைராசு. அறுக்க விடமாட்டோம் என்று கூலியாட்கள் சங்கத்தார் விடியும்போதே சம்பா வயலின் வரப்பில் வந்து நின்றார்கள். நல்லக்கண்ணும் இராஜாங்கமும் அவர்களோடு நின்றார்கள். எல்லோர் கையிலும் மூங்கில் கழிதான்.

வண்டிப்பாதையில் அடியாட்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பதினொரு பேர் கையில் வீச்சரிவாள். முன்னால் வந்தவர் மட்டும் வெறுங்கையோடு வந்தார். இடது புருவத்தில் தழும்பு, இடுப்பில் அதே பச்சைத் துண்டு. பிழைப்புப் போன பயில்வானுக்கு மிராசுதார் சோறு போட்டுக் கூட்டிவந்திருந்தார்.

துரைராசு அவர்களிடம் சொல்லி அனுப்பியது பிற்பாடு கோர்ட்டில் வெளியே வந்தது. “நிக்கிறவன வெட்டுங்க. விழுந்தவன விட்டுடுங்க. நாளைக்கு வேலைக்கு ஆளு வேணும்.”

வரப்பில் நின்றவர்களுக்கு இது தெரியாது. மீரா உசேன் மற்றவர்களைப் பின்னால் விட்டுவிட்டு ஓடிவந்தார். முதலில் எதிர்த்தவரின் இடுப்பைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கி வயலில் அடித்தார். தொம்மென்று சத்தம் கேட்டது, விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாமவரைத் தோளில் போட்டுச் சுழற்றி அடித்தார். மூன்றாமவருக்கு மார்பில் ஓர் அறை. மூன்று பேரும் நெற்பயிரில் கிடந்து முனகினார்கள். பின்னால் வந்த அரிவாட்கள் அவர்களைத் தாண்டிப் போய், நின்றவர்கள்மேல் பாய்ந்தன. ஒருத்தருக்குத் தோள் பிளந்தது, ஒருத்தருக்குக் குதிகால் நரம்பு போயிற்று. வாய்க்கால் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது.

நாலாவதாக மீரா உசேன் இராஜாங்கத்தைப் பிடித்தார். கழுத்து அவர் கைக்குள் போயிற்று. மீரா பூட்டு.

“விழு” என்றார் காதோரமாக.

இராஜாங்கத்துக்கு நாகூர்க் கொட்டகைதான் கண்முன் வந்தது. இங்கேயுமா பொய்க் குஸ்தி என்று உடம்பெல்லாம் எரிந்தது. அவர் காலை ஊன்றிக்கொண்டார்.

“விழுடா.”

அவர் தலையைத் திருப்பி மீரா உசேனின் காதைக் கடித்தார். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. பிடி தளரவில்லை.

“தம்பி, விழுந்துடு” என்றார் மீரா உசேன் மூன்றாம் முறையாக, சற்று உரக்கவே.

இராஜாங்கம் குதிகாலைத் தூக்கி அவருடைய முழங்காலில் முழு பலத்தோடு அடித்தார். பச்சை மூங்கில் முறிகிற மாதிரி சத்தம் வந்தது. பயில்வான் அப்படியே சாய்ந்தார். இராஜாங்கம் தனியாக நின்றார். பயில்வானை ஜெயித்துவிட்ட பெருமை ஒரு நொடி நெஞ்சில் பொங்கியதை அவர் கடைசிவரை மறக்கவில்லை, அதற்காகத் தன்னை மன்னிக்கவும் இல்லை. அந்த ஒரு நொடியில் நின்றவனைப் பார்த்து ஒரு வீச்சரிவாள் வந்தது. குறுக்கே நல்லக்கண்ணு வந்து வலது கையைத் தூக்கினார்.

கை முழங்கைக்குக் கீழே துண்டாகிப் பயிருக்குள் விழுந்தது.

வெட்டினவன் பயந்துபோய் ஓடினான். மீரா உசேன் உடைந்த காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்தார். இடுப்புத் துண்டை உருவி நல்லக்கண்ணின் கையில் எலும்பு நெரியும்படி இறுக்கிக் கட்டினார். உயிர் தங்கியது அந்தக் கட்டால்தான் என்று டாக்டர் பிறகு சொன்னார். கட்டி முடித்துவிட்டு, கடிபட்ட காதிலிருந்து ரத்தம் சொட்ட, “விழுந்திருக்கலாமேப்பா” என்றார் இராஜாங்கத்திடம். குரலில் கோபமில்லை. இராஜாங்கம் திரும்பிப் பார்த்தார். பயில்வான் தூக்கி அடித்த மூன்று பேரும் எழுந்து நின்று சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் உடம்பிலும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

அதற்குப் பிறகுள்ள நாற்பது வருஷத்தைச் சொல்ல அதிகமில்லை. கேஸ் இரண்டு பக்கமும் நடந்து, ராஜியாகி முடிந்தது. கேட்ட மரக்கால் நெல் கிடைத்தது. பின்னாளில் பண்ணை துண்டு துண்டாக விற்றுப்போயிற்று. அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கு மூன்று மா நிலம் குத்தகைக்குப் பிடித்தார்கள். ஆறு மாவையும் உழுததும் அறுத்ததும் இராஜாங்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதுகூட அவர்தான். “இப்புடி ஒரு கொழுந்தன் எந்த வீட்ல இருக்கான்” என்று அண்ணி காத்தாயி ஊரெல்லாம் பெருமை பேசினாள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். பயில்வான் விழச் சொன்னதையும் தான் விழாததையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. எழுபத்து மூன்றில் ஒருதடவை நாகூருக்குப் போய் மீரா உசேனைத் தேடினார். கால் சரியாகாமலே மலேசியாவுக்குக் கப்பலேறிவிட்டார் என்றார்கள்.

நடராசனின் காது கிழிந்த அன்று சாயங்காலம் இராஜாங்கம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவியில் குஸ்தி ஓடிக்கொண்டிருந்தது. நல்லக்கண்ணு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காத்தாயி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள், கொழுந்தனாருக்குக் காப்பி போட உள்ளே போனாள்.

“ஏண்டா அவன அடிச்ச?”

“வாய் நீளம்ணே அவனுக்கு.”

நல்லக்கண்ணு டிவி பக்கம் திரும்பினார். டிவியில் ஒரு தாடிக்காரன் இன்னொருவனின் கழுத்தைக் கைக்குள் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தான். வாய் அவன் காதருகே இருந்தது.

“காதுல என்னமோ சொல்றான் பாரு” என்றார் நல்லக்கண்ணு.

“ம்.”

“விழச் சொல்றான்.”

இராஜாங்கம் வாசல் பக்கம் திரும்பினார்.

“உசேன் பாயும் அன்னைக்கு அதத்தான சொன்னாரு ஒன்கிட்ட. மொத ரெண்டு தடவ வாயசைஞ்சது மட்டுந்தான் தெரிஞ்சுது. மூணாந்தடவ எனக்கே கேட்டுச்சு.”

இராஜாங்கம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“தெரியுமாண்ணே ஒனக்கு? இத்தன வருசமா?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லக் காணோம். சரி, எனக்கும் சேத்து வயல உழுவுறானே, கேட்டுக் கெடுத்துக்குவானேன்னு விட்டுட்டேன்.” நல்லக்கண்ணு லேசாகச் சிரித்தார்.

“நான் விழுந்திருந்தா ஒன் கை இருந்திருக்கும்ணே.” அறுபத்து மூன்று வயது மனிதர் குழந்தைபோல விசும்பினார். “ஒரு வார்த்த. அவரு மூணு தடவ சொன்னாரு.”

நல்லக்கண்ணு டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீ விழமாட்டேன்னு எனக்குத் தெரியும்டா. அதான் ஓடியாந்தேன்.”

டிவியில் கழுத்து மாட்டியிருந்தவன் விழுந்தான். முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் தரையைத் தொட்டது. இராஜாங்கம் கைதட்டவில்லை, முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நல்லக்கண்ணு இடது கையை நீட்டி, தம்பியின் தொடையில் கைதட்டத் தொடங்கினார்.