மழைமக்கள் சங்கத்து டைப்பிஸ்ட் அக்கா

பழங்குடி உரிமைச் சங்கத்தில் டைப்பிஸ்ட் அக்காவுக்கு இது இருபத்தோராவது வருஷம். அவர் அடித்த மனுக்களை அடுக்கினால் கூரையை முட்டும். ஆனால் ஆட்கள் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு எழுத்துப் பிழையைத்தான். மனுஷ புத்தி அப்படி.

வேலைக்குச் சேர்ந்த அன்றே 'மலைமக்கள் சங்கம்' என்று அடிக்க வேண்டிய பதிவு விண்ணப்பத்தில் 'மழைமக்கள் சங்கம்' என்று அடித்துவிட்டார். அக்காவும் தலைவரும் பேசும் பழங்குடி பாஷையில் மலைக்கும் மழைக்கும் ஒரே சொல். அதனால் தலைவரும் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து, துணி காயப்போடலாமா என்று கேட்டுச் சங்கத்துக்கு ஃபோன் வருகிறது. அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்.

இப்போது மலை நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். அதில் பேசாவிட்டால் மலைச்சரிவு சுரங்கத்துக்குப் போய்விடும். அக்காவின் அம்மா வீடு அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

கூட்ட அரங்கின் வாசலில் குமாஸ்தா அனுமதிப் பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மலைமக்களுக்குத்தான் அனுமதி. நீங்க மழை."

"அது என் கைப்பிழைங்க."

"திருத்த மனு குடுங்க. ஆறு மாசத்துல மாத்திடலாம்."

"கூட்டம் அஞ்சு மணிக்கு முடியுதேய்யா!" என்ற தலைவர், அக்காவை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தோரு வருஷக் கோபம் அதில் இருந்தது. அக்காவுக்கு அழுகை முட்டியது. அதைவிட எரிச்சல் முட்டியது. சங்கத்தின் சார்பில் சட்ட வரைவை மூன்று தடவை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். கமா கூட மனப்பாடம்.

"ஏழாம் பிரிவைப் பாருங்க. 'மழையை நம்பி வாழும் மக்களைக் கேட்காமல் நிலத்தைக் கொடுக்கக் கூடாது'ன்னு இருக்கு. மழை, மக்கள். ரெண்டும் எங்க சங்க முத்திரைல இருக்கா, இல்லையா?"

குமாஸ்தா படித்தார். மறுபடி படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே அக்காவே பேசினார். சரிவுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அக்கா அடித்துச் சங்கம் தந்த வரைவுப் பிரதியை அதிகாரிகள் அப்படியே அச்சுக்கு அனுப்பினார்கள். அச்சாகி வந்ததைப் பார்த்து அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது: 'மழை நிலப் பாதுகாப்புச் சட்டம்'.

நாக்கைக் கடித்துக்கொண்டவர், அதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"சரியாத்தானே போட்டிருக்காங்க, இதுக்கு ஏன்டி முழிக்கிற?" என்றார் அம்மா.