சறுக்கு மரமும் சங்கிலியில்லாத யானையும்

இப்போது தீம் பார்க் என்கிறார்களே, எண்பதுகளில் எங்கள் சமயநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வைகை அணைப் பூங்காதான். சறுக்கு மரம், ஊஞ்சல், சின்ன ரயில். கோடை லீவுக்கு அங்கேதான் போக வேண்டும் என்று என் பிள்ளைகள் இரண்டும் ஒற்றைக் காலில் நின்றன. எனக்கோ தேக்கடி. கோயில் யானையைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறோமே, காலில் சங்கிலியோடு! தன் இஷ்டத்துக்கு நடக்கிற யானையை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசை.

மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் பஞ்சாயத்துப் பண்ணினார். முதல் நாள் தேக்கடி, ராத்திரி அங்கேயே தங்கல், மறுநாள் அணை. லீவும் வாங்கியாச்சு. அதற்குள் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. இவருக்கு அம்மன் என்றால் அவ்வளவு பயம்.

"ஒரே நாள்ல ரெண்டையும் முடிச்சிட்டு வந்துருவோம்" என்றார்.

"கிழிச்சீங்க" என்றேன். ஆனாலும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

மதியப் படகில் நாலு பேரும் போனோம். கண்ணில் பட்டதெல்லாம் காட்டுப் பன்றிதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாயங்காலப் படகில் போனால் யானை தண்ணீர் குடிக்க வரும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அதில் போனால் ஊருக்குப் பஸ் கிடைக்காது. "வேண்டாங்க, கிளம்புவோம்" என்றேன். பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"தங்குறதுன்னா தூங்குறதுதான? வீட்டுக்குத் தலைக்கட்டு நானு, கோயில் வரி என் பேர்லதான். நான் ஒருத்தன் முழிச்சிருந்தாப் போதும். நீங்க பஸ் ஸ்டாண்டுல தூங்குங்க."

அம்மனிடமே வக்கீல் பாயின்ட் பேசுகிறாரே என்று சிரித்துவிட்டேன்.

படகில் மூன்று இடம்தான் மிச்சம். "நான் பையப் பாத்துக்கிறேன், போயிட்டு வாங்க" என்று கரையிலேயே நின்றுகொண்டார். ஒரு திருப்பத்தில் யானைக் கூட்டம். குட்டி ஒன்று தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து முட்டிக்கொண்டு நின்றது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் அணைப் பூங்காவில் பிள்ளைகள் ரயிலை விட்டு இறங்கவே இல்லை. விடிய விடிய பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த மனுஷன் புல்லில் சாய்ந்து குறட்டை விட்டார். எழுப்ப மனசு வராமல் பிள்ளைகளை இன்னும் இரண்டு சுற்று அனுப்பினேன்.

வீடு வந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன் வந்துவிட்டார். "என்ன மாப்ள, யானையப் பாத்தியா?"

"பாக்காம? குட்டி ஒண்ணு, ஆத்தா வயித்துக்கடியில முட்டிக்கிட்டு நிக்கிது..."

பஸ்ஸில் நான் சொல்லிக்கொண்டு வந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பிள்ளைகள் வாயைத் திறக்கப் பார்த்தார்கள். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாண்ணே, இவருதான் மொதல்ல பாத்தாரு."