ஜாதிக்காயும் சரித்திர வகுப்பும்

கல்யாணத்தால் பாதியில் நின்ற படிப்பைத் தொடர, இந்தக் கோடையில் பசுமலைக் கல்லூரி ஒன்றில் நடக்கும் சரித்திர வகுப்பில் சேர்ந்தேன். ஏழு மாதக் குழந்தையைச் சிம்மக்கல் வீட்டில் மாமியாரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். அவன் அழுதால் என் படிப்பின்மேல்தான் பழி விழும் என்று பயந்தேன். ஒருநாள் காலை, அவன் தூங்கட்டும் என்று உரைகல்லில் ஜாதிக்காயை வழக்கத்தைவிட அதிகமாக உரைத்து, பாலில் புகட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

மத்தியானம் நான் திரும்பியபோதும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளங்காலைச் சுண்டியும் கண் திறக்கவில்லை. தூக்கினால் தலை துவண்டது. ஜட்கா பிடித்து டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"எம்புட்டு உரைச்சீங்க?" என்று அவர் கேட்டபோது, கூடுதலாக உரைத்ததை ஒத்துக்கொண்டேன்.

சாயங்காலம்தான் அவன் கண் விழித்துச் சிணுங்கினான்.

"இனியும் ராசாக்க கதை படிக்கப் போவியாக்கும்?" என்றார் மாமியார்.

தப்பு என்னுடையதுதான். மருந்தை உரைத்தது என் கை. வகுப்பு என்ன செய்தது?

"போவேன் அத்தை. இவனையும் தூக்கிட்டுப் போறேன்" என்றேன்.

மறுநாள் அவன் வகுப்பில் வீறிட்டு அழுதான்.

"பாண்டியர் சண்டைக்கு நடுவுல இதென்னம்மா ஒப்பாரி?" என்று முன்பெஞ்சுக்காரர் ஒருவர் கேலி செய்தார்.

"நீங்க பாடத்தைக் கவனிங்கண்ணே" என்றேன்.

இப்போதெல்லாம் குழந்தையைத் தூங்கவைக்க நான் எதையும் உரைப்பதில்லை. அவன் அழுதால் வராந்தாவுக்குத் தூக்கிப்போய், இடுப்பில் வைத்தபடியே ஜன்னல் வழியாகப் பாடம் கேட்டுக் குறிப்பெடுக்கிறேன்.